முன்னுருளியின் குறடு

(திண்டிவனத்தில் ஊர்திப் பட்டறைத் தொழிலாளர்களும் தமிழன்பர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குச் சுமையுந்தின் உருளியோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். லாரி என்று நாம் வழங்கும் சுமையுந்தின் முன்னுருளி ஓடும்போதே கழன்றால், உள்ளே இருப்பவனும் தமிழன். எதிரே மிதிவண்டியில் வருபவனும் தமிழன். அவ்வுருளியை மாட்டிய கை தமிழன் கை. மாட்டும்போது அவன் தன் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட சொற்கள் எம்மொழிச் சொற்கள்? அவற்றின் பொருளை அவன் அறிந்தானா? இதுவே என் வினா. இந்த வினாவுக்கு விடை காண, முன்னுருளியைக் கழற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

நம் ஊர் நிற்கும் இடத்தை முதலில் நோக்குக. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழி திண்டிவனத்தைத் தொட்டு விழுப்புரம் செல்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு வழி. செஞ்சி, திருவண்ணாமலைக்கு ஒரு வழி. மரக்காணத்துக்கு ஒரு வழி. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு வருகிறது. திருவக்கரைப் பக்கத்திலிருந்து கருங்கல் சல்லி வருகிறது. கரும்பும் நெல்லும் வருகின்றன. இவற்றைச் சுமப்பவற்றுள் பல, பெருங்குழுமங்கள் ஓட்டிக் கழித்துவிட்ட பழைய ஊர்திகள். தனியாள் ஒருவர் கடன் பட்டு வாங்கி, தாமே ஓட்டிப் பிழைக்கும் ஊர்திகள் அவை. அவற்றின் முன்னுருளிகளைப் பழுது பார்ப்பவர்கள் நீங்கள்.

இதே மண்ணைச் சங்கக் காலத்தில் ஓய்மாநாடு என்றனர். அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கியிருக்கிறது. அவனது எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பர். அவன்மேல் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. அதன் இறுதிப் பகுதியில் பாணனுக்கு அவன் தேர் வழங்கும் செய்தி வருகிறது. அத்தேரின் உருளியைப் புலவர் எங்ஙனம் காட்டுகிறார்? நடுவே வலிய குறடு. அதில் தச்சனின் உளி பட்ட தழும்பு மறையாமல் இருக்கிறது. குறட்டைச் சூழ்ந்து ஆர்கள். ஆர்களைச் சூழ்ந்து இரும்பு விளிம்பு. புலவர் பட்டறைக்குள் நின்று பார்த்திருக்கிறார். உறுப்புக்கு உறுப்பு பெயர் அறிந்திருக்கிறார்.

பட்டறையில் நீங்கள் 'அப்' என்று சொல்லும் உறுப்புத்தான் குறடு. நம் மாட்டுவண்டித் தச்சர் அதனைக் குடம் என்பர். குடத்தில் ஆரக்கால் பாயும். ஆரக்காலை வட்டை தாங்கும். உருளி கழலாதபடி அச்சின் கடையில் கடையாணி நிற்கும். இச்சொற்களை நம் பாட்டன்மார் நூலில் படித்துக் கற்கவில்லை. வண்டியின் அடியில் படுத்துக் கற்றார்கள். திருவள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியையும், மிகைச்சுமையால் முறியும் வண்டியச்சையும் உவமைக்கு எடுத்தார். அவ்வையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின்கீழ் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைச் சொன்னார். மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்னும் முன்னெச்சரிக்கை அது. இன்றும் மரக்காணத்து உப்பு இவ்வழியேதான் போகிறது. உருளியும் அச்சும் மாறின, ஏதம் மாறவில்லை.

இனி உறுப்புகளைக் காண்போம். சுமையுந்தின் முன்னச்சு சுழல்வதன்று. மாட்டுவண்டி அச்சைப் போல அது நிலையாக நிற்கும். அதன் இரு கோடியிலும் முனையச்சு என்னும் தடித்த தண்டு வெளியே நீண்டிருக்கும். அதன்மேல் குறடு சுழலும். மாட்டுவண்டியில் குடம் அச்சின்மேல் உராய்ந்தே சுழன்றது. வைக்கோற் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டிமை அவ்வுராய்வைத் தணித்தது. சுமையுந்தில் குறட்டுக்கும் முனையச்சுக்கும் நடுவே உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு தாங்கிகள் உள்ளன. 'பேரிங்' என்பது இத்தாங்கியே. ஒவ்வொரு தாங்கியிலும் சிறு உருளைகள் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து கூம்பிய வடிவில் வரிசையாக நிற்கும். ஆகலின் கூம்புருளைத் தாங்கி எனலாம். நேரே அழுத்தும் சுமையையும், வளைவில் திரும்பும்போது பக்கத்தே தள்ளும் விசையையும் அது ஒருங்கே தாங்கும். இதற்கு 1898-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்க நாட்டு என்றி திம்கன். அவர் குதிரைவண்டி செய்யும் தொழிலர் என்பதை உன்னுக. சுமையுந்தின் தாங்கியும் வண்டிப் பட்டறையில் பிறந்ததே.

குறட்டோடு இணைந்து சுழல்வது தடையுறுப்பு. பழைய பெருஞ்சுமையுந்துகளில் அது பறை போன்ற வடிவினது. 'டிரம்' என்னும் அதனைத் தடைப்பறை என்போம். அதன் உள்ளே இரண்டு தடைக்கட்டைகள் விரிந்து அழுத்தும். சிறு சுமையுந்துகள் பலவற்றின் முன்புறத்தில் பறைக்கு மாற்றாகத் தட்டு இருக்கும். தட்டை இருபுறமும் ஒரு கவ்வி பற்றிப் பிடிக்கும். இத்தடைத்தட்டுக்கு இங்கிலாந்தின் இலாஞ்செசுட்டர் 1902-இலேயே காப்புரிமை பெற்றார். பறையை விடத் தட்டுக்குக் காற்று நன்கு படும், எளிதில் ஆறும். பழைய ஊர்திகள் பலவற்றில் இத்தட்டு குறட்டின் பின்புறம் மரையாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகலின் தட்டை மாற்ற வேண்டுமாயின் குறட்டையே கழற்றியாக வேண்டும். குறட்டைக் கழற்றினால் தாங்கியைத் தொட்டாக வேண்டும். இதனால்தான் குறடு, தாங்கி, தட்டு மூன்றையும் ஒரே வேலையாகக் கொள்ளுதல் அறிவுடைமை.

தடையின் வேலை எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். சுமையோடு 16,000 கிலோ எடையுள்ள ஊர்தி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வருகிறது. அதனை நிறுத்துகிறோம். அதன் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் முழுதும் தடைகளில் வெப்பமாக மாறுமாயின், அவ்வெப்பம் ஏறத்தாழ ஏழரை இலிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு இவ்வளவு! விரைவு 30 கிலோமீட்டராக இருந்தால் வெப்பம் பாதியன்று, காற்பங்கே. விரைவு இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் கணக்கு. மேலும், தடை போடும்போது ஊர்தியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே முன்னுருளிகளின் தடை மிகுதியாகச் சுமக்கிறது. அந்த வெப்பமெல்லாம் தாங்கியை அடுத்தே எழுகிறது என்பதை மறவாதீர்கள்.

பழுது முன்னறிவிப்பின்றி வருவதன்று. வளைவில் திரும்பும்போது உறுமல் ஒலி கேட்டால் தாங்கி தேய்ந்தது எனலாம். தடை மிதிக்கையில் மிதிகட்டை காலின்கீழ்த் துடித்தால் தட்டு கோணியது, அல்லது பறை வட்டம் தவறியது எனலாம். ஓடி நின்ற பின் ஒரு பக்கத்துக் குறடு மட்டும் கொதித்தால் அங்கே தாங்கி இறுகியிருக்கிறது, அல்லது தடை விடாமல் பற்றியிருக்கிறது. உருளியின் உட்புறம் மசகு வழிந்திருந்தால் கசிவடைப்பு போய்விட்டது. இவற்றுள் ஒன்றையேனும் கண்ட ஓட்டுநர், 'விழுப்புரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று திண்டிவனத்தை விட்டுக் கிளம்புதல் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் ஊர்தியைச் சமன்செய்த கெட்டித் தரையில் நிறுத்துக. பின்னுருளிகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இடுக. உருளியின் மரைகளை ஊர்தி தரையில் நிற்கும்போதே சிறிது நெகிழ்த்துக. பழைய ஊர்திகள் சிலவற்றில் இடப்பக்கத்து மரைகள் எதிர்ப்புறம் திரும்புவன. அதனை அறியாமல் வலிந்து திருப்பி ஆணியை முறிப்பவர் உளர். பின்னரே தூக்கியால் தூக்குக. தூக்கியது போதும் என்று அடியில் நுழையாதீர்கள். அச்சின்கீழ் உறுதியான முட்டுக்கொடுத்த பின்னரே நுழைக. தூக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு முட்டு. இவ்விரு சொல்லின் வேறுபாட்டில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

தூக்கிய உருளியை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக; பெரிய உருளியாயின் கடப்பாரையை அடியில் கொடுத்து அசைக்க. ஆட்டம் இருந்தால், ஒருவரைத் தடை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. தடை மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் தாங்கியில். நில்லாவிட்டால் குற்றம் உருளி திரும்புவதற்குரிய நெடிய ஆணியில். அதனைக் 'கிங்பின்' என்பீர்கள். இதனைக் காணாமல் தாங்கியை மட்டும் புதிதாக இட்டு அனுப்பினால் பொருள் கொடுத்தவனுக்குப் பழைய ஆட்டமே எஞ்சும்.

உருளியை எடுத்த பின், தட்டாயின் கவ்வியைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுக. தடைநீர்மம் செல்லும் குழாயில் அது தொங்குமானால் குழாய் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. பறையாயின் கட்டைகளைப் பின்னுக்கு நெகிழ்த்துக. தேய்ந்த பறையின் ஓரத்தில் வரம்பு எழுந்திருக்கும். கட்டைகள் அதில் மாட்டிக்கொள்ளும். அங்கே படிந்த தூளைக் காற்றால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய தடைப்பட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாய் வெளிப்படும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை கற்க வந்த சிறுவனைத் தூள் தட்டச் சொல்வது பெருந்தீங்கு.

இனிக் குறட்டின் மூடியைக் கழற்றுக. கவையாணியை நேராக்கி உருவுக. மரையைத் திருகி எடுக்க, அடுத்து வளையச்சில்லு, அடுத்து வெளித்தாங்கி. பின் குறட்டை நேரே இழுக்க. பெரிய ஊர்தியின் குறடும் பறையும் ஒருவர் தூக்கும் எடையுடையன அல்ல, இருவர் பிடிக்க. தாங்கியை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க. உருளைகளில் பள்ளமோ செதில் உதிர்வோ நீலநிறமோ கண்டால் அதற்கு வாழ்நாள் முடிந்தது. நீலநிறம் இரும்பு சூடேறி வலிவிழந்ததன் அடையாளம். கழுவிய தாங்கியைக் காற்றுக் குழலால் சுழலவிட்டு விளையாடுதல் கூடாது. அது சிதறிக் கண்ணைப் பறிக்கும்.

தாங்கியின் உள்வளையமும் குறட்டுக்குள் இறுகியிருக்கும் புறவளையமும் இணைபிரியாதன. ஒன்றைப் புதிதாக்கி மற்றொன்றைப் பழையதாக விட்டால் புதியதும் விரைவில் கெடும். புறவளையத்தை மெல்லிய பித்தளைக் கோலால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றுக. புதியதையும் அவ்வாறே தட்டி இறக்குக. அது அடியில் சென்று அமர்ந்ததும் தட்டும் ஒலி மாறும். அவ்வொலி கேட்கும் வரை நிறுத்தாதீர்கள். குறட்டுக்குள் புறவளையம் கையாலேயே இறங்குமாயின், தேய்ந்தது குறடு. தகட்டை வெட்டி இடையில் செருகுவதும், உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவதும் சில இடங்களில் வழக்கம். அக்குறடு சுமை ஏறிய பின் எத்துணை நாள் தாங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அக்குறட்டையே மாற்றுக. உளித்தழும்பு நல்லியக்கோடன் தேரின் மரக்குறட்டுக்கு அழகு. இரும்புக் குறட்டின் உள்வாய்க்கு அது கேடு.

பறையையும் தட்டையும் அளந்தே முடிவுசெய்க. பறை எவ்வளவு அகலலாம், தட்டு எவ்வளவு மெலியலாம் என்னும் எல்லை பெரும்பாலும் அவற்றின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எல்லை கடந்ததைக் கடைந்து மீண்டும் மாட்டுதல் தகாது. மெலிந்த இரும்பு வெப்பத்தை ஏற்காது, வெடிக்கும். உப்புச் சுமக்கும் ஊர்தியாயின் ஒன்றைக் கூடுதலாக நோக்குக. உப்புநீர் ஒழுகி, குறட்டின் முகத்தில் துரு ஏறியிருக்கும். அத்துருவைச் சுரண்டித் தூய்மையாக்காமல் புதிய தட்டை அதன்மேல் வைத்தால், மயிரளவு துருவும் தட்டின் விளிம்பில் பெருங்கோணலாகும். புதிய தட்டே கோணல் என்று கடைக்காரனைப் பழிப்பர். குற்றம் துருவில் இருக்கும். புதிய தட்டின்மேல் துருக்காப்புக்காகப் பூசிய எண்ணெயையும் கழுவி நீக்குக. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுக. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் தடை மிதிக்கும்போது ஊர்தி ஒருபுறம் இழுக்கும்.

மசகைத் தாங்கிக்கு மேலே பூசுவது போதாது. உள்ளங்கையில் மசகை வைத்துத் தாங்கியின் தடித்த விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கிடையே மறுபுறம் பிதுங்கும் வரை ஏற்றுக. ஆனால் குறட்டின் உட்குழிவை முற்றும் நிரப்பாதீர்கள். சூட்டில் அது விரிந்து, கசிவடைப்பைத் தள்ளித் தடைப்பட்டையில் வழியும். மசகு பட்ட பட்டை பிடிக்காது. பழைய கசிவடைப்பை எக்கரணியம் கொண்டும் மீண்டும் இடாதீர்கள். அதன் மெல்லிய உதடு மசகு இருக்கும் உட்புறத்தை நோக்க வேண்டும்.

இறுதியில் வருவது மரையை இறுக்குதல். வேலை முழுவதன் உயிர்நிலை இதுவே. குறட்டைக் கையால் சுழற்றிக்கொண்டே மரையை இறுக்குக. அப்போதுதான் உருளைகள் தத்தம் இடத்தில் அமரும். அமர்ந்த பின், ஊர்தி செய்தவர் கையேட்டில் குறித்த அளவுக்கு மரையைப் பின்னுக்கு நெகிழ்த்துக. கவையாணியின் துளை நேர்ப்படாவிட்டால் அடுத்த துளைக்கு நெகிழ்த்துக, இறுக்காதீர்கள். பின் புதிய கவையாணியை இட்டு அதன் இரு கவைகளையும் மடக்குக.

'இறுக்கமாக இருப்பதுதானே உறுதி? ஏன் நெகிழ்த்த வேண்டும்?' என்று தொழில் கற்கும் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஓடும்போது இரும்பு சூடேறி நீளும். நீள்வதற்கு இடம் விடாமல் இறுக்கினால் உருளைகள் நசுங்கி, மசகு எரிந்து, தாங்கி முனையச்சோடு பற்றிக்கொள்ளும். அப்புறம் அச்சு முறியும். அல்லது உருளி குறட்டோடு கழன்று ஓடும். மிக நெகிழ்த்தினாலோ உருளி ஆடி ஆடித் தாங்கியைத் தானே தின்றுவிடும். ஆகவே அளவே உறுதி. கரணியம் அறிந்த பிள்ளை இதனை ஒருநாளும் மறக்கமாட்டான். 'இறுக்கிவிட்டு ஒரு திருப்பு விடு' என்று மட்டும் கேட்டுப் பழகியவன், வேறோர் ஊர்தி வந்தால் எவ்வளவு விடுவது என்று திகைப்பான்.

உருளியை மாட்டி, மரைகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்குக. கவ்வியின் உந்து தண்டைப் பின்தள்ளியிருந்தால், மிதிகட்டையைப் பலமுறை மிதித்து அது கெட்டிப்பட்ட பின்னரே ஊர்தியை நகர்த்துக. சிறிது தொலைவு சுமையின்றி ஓட்டி, மெல்ல மெல்லத் தடை போட்டுப் புதிய பட்டையைப் பழக்குக. நின்றதும் இரு குறடுகளின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க. உருளி மரைகளை மறுபடி இறுக்குக. திண்டிவனத்தில் மாட்டியதை விழுப்புரத்தில் இறங்கி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது ஓட்டுநரின் கடமை.

அன்பர்களே! இப்போது என் முதல் வினாவுக்கு வருகிறேன். 'சீல்' என்று கேட்கும் சிறுவனுக்கு அது ஒரு வளையத்தின் பெயர். கசிவடைப்பு என்று கேட்பவனுக்கோ அது செய்யும் வேலையும் உடன் தெரிகிறது. எப்புறம் திருப்பி வைப்பது என்பதையும் அவனே உய்த்துணர்வான். 'காட்டர் பின்' ஒரு கம்பி. கவையாணியோ கவை மடங்கினாலன்றி ஆணியாகாது என்று தன் பெயராலேயே சொல்கிறது. 1948-இல் தொடங்கப்பெற்று 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற தொழிலகம் எண்ணூரில் சுமையுந்துகளைச் செய்து வந்திருக்கிறது. தமிழ் மண்ணில் உருளி உருவாகி முக்கால் நூற்றாண்டு ஆகியும், அதன் உறுப்புப் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கா ஒலிகளாகவே இருப்பது தகுமா?

பட்டறைத் தோழர்களின் பேச்சைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. மரை, ஆணி, அச்சு, பட்டை, முட்டு ஆகிய சொற்களைப் புலவர் பலர் மறந்தபோதும் நாவில் வைத்துக் காத்தவர்கள் நீங்களே. நான் கூறிய சொற்களுள் சில நும் செவிக்கு ஒவ்வாதனவாக இருக்கலாம். அவற்றினும் சிறந்த சொல் நும் பட்டறையிலேயே கிடைத்தால் அதனையே கொள்வோம். வேண்டுவது ஒன்றே. நாளை காலை வேலை கற்க வரும் பிள்ளையிடம், குறட்டைக் கழற்றும்போது ஒவ்வோர் உறுப்பையும் கையில் கொடுத்துப் பெயர் சொல்லுங்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள். தமிழாசிரியர்கள் பட்டறைக்கு வந்து, கேட்டு, எழுதி, உறுப்புப் படத்தோடு சுவரில் ஒட்டத்தக்க ஒரு தாள் ஆக்கித் தரட்டும். அத்தாளில் முதற்சொல்லாக, நல்லியக்கோடன் நாட்டுப் புலவர் வைத்துச் சென்ற குறடு நிற்கட்டும்.

உமணர் தம் வண்டியின்கீழ் மாற்று அச்சைக் கட்டிச் சென்றனர். நம் பிள்ளைகள் கையில் நாம் கட்டிவிடக்கூடிய மாற்று அச்சு, பொருள் விளங்கிய அறிவு. வழியில் அது முறியாது.

வாழ்க உழைப்பு! வெல்க தமிழ்!